தெற்கு பார்த்த நாற்காலி

எழுத உட்காரவே கூச்சமாக இருக்கிறது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். கடைக்கு வருகிறவர்களிடமே அதிகம் பேசமாட்டேன். சலூன் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஆகும் என்று சங்கத்தில் கேட்டதால் எழுதுகிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லிங்கராஜபுரத்தில் என் கடை. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐ.டி. கம்பெனிகளில் புதிதாக ஒன்று வந்தது. கேன்சர் மருந்தில் முடி கொட்டிப்போன குழந்தைகளுக்காக வேலை செய்கிறவர்கள் மொட்டை போட்டுக்கொள்வார்கள். தலைக்கு இவ்வளவு என்று கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கும். ஒரு திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள்.

ஹாலில் பாட்டு, கைதட்டல். "மச்சி, உள்ள இவ்ளோ கோணலாடா உன் மண்டை?" என்று கிண்டல். பேனர் போட்டோவில் தெரிய வேண்டும் என்று நாற்காலியைத் தெற்கு பார்த்துப் போட்டிருந்தார்கள். சாமிக்கு மொட்டை என்றால் கிழக்கு, சாவுக்கு என்றால் தெற்கு. அவர்களுக்கு அது விளையாட்டு. நானும் அப்படியே சிரைத்துக்கொண்டே போனேன்.

கடைசியில் கேட் செக்யூரிட்டி தேவராஜ் வந்தார். சந்தாபுராக்காரர். அவருடைய மகளே அந்த ஆஸ்பத்திரியில்தான் கிடந்தாள். நாற்காலியைப் பார்த்தவர் உட்காரவில்லை.

"அண்ணா, எம் பொண்ணு உசுரோட இருக்கா. தெக்க பாத்து எப்படி உக்கார்றது?"

நாற்காலியைக் கிழக்கே திருப்பினேன். எச்.ஆர். மேடம் ஓடி வந்தார்.

"பேனர் வராதுண்ணா. அஞ்சு நிமிஷம்தானே, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுக்கச் சொல்லுங்க."

"இவருக்கு போட்டோ வேணாம் மேடம்," என்றேன். மேடம் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

தலையில் தண்ணீர் தெளித்தேன். "எந்தச் சாமிக்கு தேவராஜு?"

"எல்லாச் சாமிக்கும்தான். மாதா கோயில்லயும் சொல்லியிருக்கேன்."

பிளேடு மாற்றினேன்.

"மீசைல கை வச்சிடாதீங்கண்ணா. அத இழுத்துப் புடிச்சாதான் அவ ஊசி போட்டுக்குவா."

முடித்ததும் சந்தனம் தடவப் பெட்டியைத் திறந்தேன். இல்லை. கம்பெனி வேலைதானே என்று எடுத்து வரவில்லை. வெறும் கையால் தலையைத் தடவி அனுப்பினேன்.

தம்பிகளுக்குச் சொல்வது இதுதான். எங்கே மொட்டைக்குக் கூப்பிட்டாலும் முதலில் கிழக்கு எது என்று கேளுங்கள். பெட்டியில் சந்தனம் இருக்கட்டும்.

மறுநாள் செவ்வாய், கடை லீவு. சந்தனத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இனி மருந்து கேட்காது என்று சொல்லி, காலையிலேயே பிள்ளையை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.