ஞாயிறு வரை காத்திருக்காதவர்

தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் ஏறிக்கொண்டிருந்தேன். எதிரே இறங்கி வந்த பழைய மாணவி ஒருத்தி என்னைப் பார்த்து நின்றாள். "ரெஜினா மேடம் தவறிட்டாங்க சார். காலைல ஆறு மணிக்கு." கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் வந்த கூட்டம் என்னைத் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனது.

டுடோரியலில் அவரிடம் படித்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? எண்பதுகளில் நாங்கள் இருவரும் அங்கே ஆங்கிலம் எடுத்தோம். பி.ஏ. பாடத்தில் பழைய ஆங்கிலக் கதைப்பாட்டு ஒன்று இருந்தது. மாயச் சந்தையில் தின்னக் கூடாத பழத்தைத் தின்று தங்கை நலிந்துபோகிறாள். அவளைக் காப்பாற்ற அதே சந்தைக்கு அக்கா தனியே போய், அடிபட்டும் வாய் திறக்காமல் நிற்கிறாள். "இதில் வீரம் இல்லை, பெண்மைக்குரிய பொறுமையே உண்டு" என்று நான் நோட்ஸ் கொடுத்தேன். தேர்வுக்கு அது போதும் என்பது என் எண்ணம். உங்களில் யாரோ அதை ரெஜினாவிடம் காட்டிவிட்டீர்கள்.

"கத்தி எடுத்தாத்தான் வீரமா சார்? அந்தச் சந்தைக்கு நீங்க போவீங்களா?" என்று ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் கேட்டார். "பொம்பளைங்க அடி வாங்கறதைப் பொறுமைன்னு எழுதிட்டா உங்களுக்கெல்லாம் வேலை மிச்சம்." நான் சிரித்து மழுப்பினேன்.

ரெஜினாவுக்கு அப்பா இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. ஒரே தங்கை ஸ்டெல்லாவை முடிச்சூரில் கட்டிக் கொடுத்திருந்தார். நான் அந்த நோட்ஸ் கொடுத்த அதே வருஷம் ஒரு வியாழக்கிழமை செய்தி வந்தது. பிறந்த குழந்தை இறந்துவிட்டது. ஸ்டெல்லா காய்ச்சலில் கிடக்கிறாள். டாக்டரிடம் காட்டாமல் அறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள். பிறந்த வீட்டு ஆண்பிள்ளை வந்து பேசினால்தான் பெண்ணை அனுப்புவோம் என்றார்களாம். அதுதான் முறை. எங்கள் பக்கத்தில் அதை யாரும் கேள்வி கேட்டதில்லை.

ரெஜினா என்னிடம் ஓடி வந்தார். "அண்ணன்னு சொல்லிக்கறேன். நீங்க பேசக்கூட வேணாம். கூட வந்து நில்லுங்க சார், போதும்." அந்தக் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை.

நான் ஆண்பிள்ளை அல்லவா, நிதானமாக யோசித்தேன். "அவசரப்பட்டா அந்தப் பொண்ணு வாழ்க்கை கெட்டுடும். ஞாயித்துக்கிழமை பெரியவங்க நாலு பேரைக் கூட்டிட்டு முறையா போகலாம்" என்றேன். பிறகு வகுப்பெடுக்கப் போய்விட்டேன்.

அன்றைக்கே அவர் தனியாகப் போனார். நடந்ததை, அவரைக் கூட்டிப்போன சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் கண்ணையன்தான் மறுநாள் எனக்குச் சொன்னார். "இன்னா சார் நீங்கல்லாம்! அந்தம்மா கேட்டைப் புட்ச்சிக்கினு நிக்குது. முடியைப் புட்ச்சி இஸ்துட்டானுங்க, சாணித் தண்ணிய மேல ஊத்துனானுங்க. ஒரு வார்த்தை பேசல, கையையும் எடுக்கல. தெருவே கூடிப்போச்சு. அப்பால புருஷங்காரனே வந்து கதவத் தொறந்தான்."

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா எங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா" என்றாராம் ஸ்டெல்லாவைச் சேர்த்த ஆஸ்பத்திரி டாக்டர். வியாழனுக்கு இரண்டு நாள் கழித்தால் சனி. நான் சொன்ன ஞாயிறு அதற்கும் மறுநாள்.

திங்கட்கிழமை நெற்றியில் பிளாஸ்திரியோடு வகுப்புக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீங்க கெட்டவர் இல்ல சார். முறை தெரிஞ்சவர்" என்றார். செருப்பால் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். அதன் பிறகு பத்து வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்து டீ குடித்தோம். ஒருநாளும் அவர் அதைக் குத்திக்காட்டவில்லை.

கடைசியில் ரெஜினா சிறுநீரகம் கெட்டு ஏழு மாதம் கிடந்திருக்கிறார். தன்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர்களின் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறாள் ஸ்டெல்லா. பொருந்தவில்லை. நான் போனபோது சவப்பெட்டியின் அருகில் உட்கார்ந்திருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "என்னை அவ கொண்டாந்தா சார். என்னால அவளைக் கொண்டார முடியலையே!"

பெட்டியைத் தூக்க ஆண்கள் முன்வந்தோம். ஸ்டெல்லா எழுந்து தலைமாட்டுப் பிடியைப் பற்றினாள். "பொம்பளைங்க தூக்கற வழக்கமில்லம்மா" என்றார் சபைப் பெரியவர் ஒருவர். அவள் பேசவில்லை, கையை விடவும் இல்லை. நான் விலகி இடம் விட்டேன். அந்த வீட்டுக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

அவர் திருத்திக் கொடுத்த விடைத்தாள்கள் உங்களிடம் இருக்கும். அவர் சொன்ன நல்ல வார்த்தைகள் இருக்கும். என்னிடம் இருப்பது அவர் கேட்ட ஓர் உதவி மட்டும். கூட வந்து நிற்கச் சொன்னார். நான் இன்னும் போகவில்லை.