மேனேஜர் நீட்டிய கால்

பேருந்து கழுவும் அக்காவின் நாய் ஒரு குரை குரைத்தால் ஏழு தெருச் சைக்கிள்களும் பின்பக்கமாக உருளும். சரி, ஏழு கொஞ்சம் கூடுதல்தான். இரண்டு தெரு, அதுவும் இறக்கமான தெரு. வேலை ஒன்றும் செய்யாமல் எல்லோரையும் அதட்டுவதால் பணிமனையில் அதற்கு மேனேஜர் என்று பேர்.

மேனேஜரின் முன்னங்காலில் ஒருநாள் கண்ணாடிச் சில்லு ஏறியது. மிருக வைத்தியரிடம் போக அக்காவின் சம்பளம் இடம் கொடுக்காது. கையில் காசில்லாதவர்களின் செல்லப் பிராணிகளுக்கென்றே ஒரு தொண்டு நிறுவனத்தின் வண்டி செவ்வாய்தோறும் பணிமனை வாசலில் வந்து நிற்கும். வைத்தியம், மருந்து, கட்டு எல்லாம் இலவசம். கூட்டிப் போனாள்.

ஒன்பது வருஷமாகச் சோறு போட்டவளே தன் காலைத் தொட்டாலும் பல்லைக் காட்டும் நாய், வண்டியில் கட்டுப் போடுகிற ஆளிடம் தானாகவே காலை நீட்டியது. கை குலுக்குகிற மாதிரி!

"நல்ல பிள்ளைக்கா இது," என்றான் அவன்.

"ஏன், எனக்குத் தெரியாதா?" என்று வெடுக்கென்று சொன்னாள்.

அடுத்த செவ்வாய் விடிந்ததும் மேனேஜர் முந்திக்கொண்டு பணிமனை வாசலில் போய் நின்றது. காவல் வேலை முடிந்து வந்த புருஷன் விழுந்து விழுந்து சிரித்தான். "உனக்குச் சக்களத்தி வந்தாச்சுடி. மீசை வெச்ச சக்களத்தி!"

மூன்றாம் செவ்வாய், "புண்ணு ஆறிடுச்சு" என்று சொல்லி நாயை வீட்டிலேயே கட்டிப்போட்டாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள். பொறாமைக்காரிக்கு மூக்கும் மட்டு. காலில் போட்ட கட்டு நாறியது அவளுக்கு உறைக்கவில்லை. வைத்த சோற்றை மோந்துவிட்டு நாய் சுருண்டு படுத்த பிறகுதான் உறைத்தது.

நான்காம் செவ்வாய் வண்டியில் இருந்த டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். "ஏம்மா போன வாரம் வரல? சீழ் வெச்சிருக்கு. இனிமே தினமும் கட்டு மாத்தணும், இல்லேன்னா விரலை எடுக்க வேண்டியதுதான். வண்டி வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும். வீட்ல நீங்கதான் பண்ணணும்."

"என்னைத் தொட விடமாட்டேங்குதே, டாக்டர்."

இதைக் கட்டுப் போடுகிறவன் காதுபடச் சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் வேப்பங்காயாகக் கசந்தது. அவனோ சிரிக்கவில்லை.

"நீங்க மூஞ்சிக்கு நேரா உத்துப் பாக்கறீங்கக்கா, அது மிரளுது. முதுகைக் காட்டி உக்காருங்க. அதோட காலை உங்க கக்கத்துக்கு அடியில இழுத்து வெச்சுக்குங்க. நாய் இருக்கறதையே மறந்துடுங்க."

ஒன்பது வருஷம் கொஞ்சிய முகத்தை மறப்பதாம்! ஆனால் விரல் போய்விடுமே. அன்று சாயங்காலம் வீட்டுத் தரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பின்னாலிருந்து காலை இழுத்தாள். வந்தது. உறுமல் இல்லை. கழுவி, களிம்பு தடவி, துணியைச் சுற்றி முடிக்கும்போது பிடரியில் ஈரமாக ஏதோ பட்டது.

"பாத்தீங்களா! என்னை நக்குது! அவனை ஒரு நாளாவது நக்கியிருக்கா?"

"அது நக்கலைடி," என்றான் பக்கத்தில் நின்ற புருஷன். "எச்சி ஒழுகுது. என் கையில பிஸ்கட் இருக்கு."