முத்திரை விழாத பொட்டலம்

தபாலில் அனுப்பாத ஒரு பொட்டலத்துக்கு எழுபத்தைந்து ரூபாய் தபால் செலவு வாங்கினேன். கேட்டவரிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால், அதுவரை நான் பார்த்தேயிராத ஒருவனுக்கு வேலை போயிற்று.

மூன்று வாக்கியங்கள். இவற்றை எழுத எனக்கு நான்கு வருடம் பிடித்திருக்கிறது.

துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி, ஐந்துக்கு ஒரு குறுக்குக்கோடு போடுவதுதான் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. காலடிப்பேட்டையில் என் வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் நானூற்றுப் பன்னிரண்டு அடி. அதையும் எண்ணியாயிற்று.

அப்போதுதான் இணைய ஏலம் வந்தது.

ராயபுரத்துப் பழைய சாமான் கடைகளில், உடைத்த கப்பல்களின் ரேடியோ வால்வுகள் கிடைக்கும். கட்டைவிரல் அளவுக் கண்ணாடிக் குமிழ்கள். பழைய ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு அவைதான் உயிர். பத்து ரூபாய்க்கு வாங்கிவந்து, தண்டையார்பேட்டை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஏலத் தளத்தில் போடுவேன். கடைசி ஐந்து நிமிடத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! நூற்று நாற்பது, நூற்று அறுபது, நூற்றுத் தொண்ணூறு... எங்கோ கோயம்புத்தூரில் ஒருவர், எங்கோ நாகப்பட்டினத்தில் ஒருவர், இருவரும் என் வால்வுக்காக மல்லுக்கட்டுகிறார்கள். அறுபத்திரண்டு வயதில் என் உள்ளங்கை வியர்த்தது.

விலை அவர்கள் கையில். தபால் செலவு என் கையில். தளத்தில் அதற்கென்று இருக்கும் கட்டத்தில் நான் எழுதுவதுதான் எண். எழுபத்தைந்து என்று எழுதினேன்.

சண்டை வராமல் இருக்குமா? "ஒரு பல்பு அனுப்ப எழுபத்தைந்தா" என்று எழுதுவார்கள். பஞ்சு, அட்டைப்பெட்டி, சணல், தபால் நிலையத்தில் நின்ற நேரம் எல்லாவற்றையும் வரிசை போட்டு பதில் அனுப்புவேன். அடங்கிவிடுவார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சண்டைகள் எனக்குப் பிடித்திருந்தன. முப்பத்தெட்டு பேர் வாங்கினார்கள். வாங்கியவர் விற்றவருக்கு மதிப்புக் குறி போடும் இடம் தளத்தில் உண்டு; முப்பத்தெட்டு பேரும் நல்ல குறி போட்டார்கள். கெட்ட குறி ஒன்றுகூட இல்லை. அந்தச் சுழியத்தைத் திறந்து திறந்து பார்ப்பேன்.

முப்பத்தொன்பதாவது ஆள் ஏகாம்பரம். வியாசர்பாடி, ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். ஏலம் முடிந்த அன்றே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், நீங்க காலடிப்பேட்டதானே? ஞாயித்துக்கெழம சைக்கிள்ல வந்து நானே வாங்கிக்கினு போயிடறேன். தபாலு எதுக்கு தண்டமா?"

"விதிப்படி தபால்தான்," என்றேன்.

"இன்னா விதி சார், கூப்புடு தூரத்துல உக்காந்துகினு!" என்று சிரித்தார். ஆனாலும் மணியார்டர் அனுப்பிவிட்டார்.

பொட்டலம் கட்டியபின் கணக்குப் போட்டேன். தபாலில் போட்டால் முப்பது ரூபாய். இரண்டு பஸ் மாறிப் போய்வந்தால் பதினான்கு. நானே கொண்டுபோய் வைத்துவிட்டால் என்ன? தபாலில் போனால் கண்ணாடி உடையவும் கூடும்... இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தபாலில் வந்ததுபோல் தெரியட்டும் என்று, அலமாரியில் கிடந்த ஐந்து ரூபாய்த் தபால்தலைகள் மூன்றை ஒட்டினேன்.

ஷெட்டில் அவருக்கு வேலை நேரம் பார்த்துப் போனேன். துறைமுகக் காலத்துக் காக்கிச் சட்டை போட்டிருந்தேன். வெயிலில் வெளியே போனால் எப்போதும் அதுதான். மாறுவேடம் இல்லை, நம்புங்கள். வேண்டாம், நம்ப வேண்டாம். எனக்கே அதில் சந்தேகம் இருக்கிறது.

அவர் வீடு ஹவுசிங் போர்டு குடியிருப்பின் இரண்டாவது மாடி. கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வாசலில் ஒரு அம்மாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, போஸ்ட்டா?"

எங்கள் பக்கத்தில் வயதானவர் யாரானாலும் நைனாதான்; பெற்ற தகப்பனும் நைனாதான். நான் தலையாட்டினேன்.

"எப்பவும் மணிதானே வருவான்? அவனுக்கு நைனாவா நீ? புள்ளைக்கு ஒடம்பு கிடம்பு முடியலியா?"

மணி யார் என்றே எனக்குத் தெரியாது. மறுபடியும் தலையாட்டினேன்.

"தோ பார்றா, இந்த வயசுல மாடி ஏற வுட்டுட்டானே," என்றவள், கையைக் கழுவிக்கொண்டு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். பொட்டலத்தை அவளிடம் தந்துவிட்டு இறங்கினேன். நாற்பத்து நான்கு படிகள். எவ்வளவு உற்சாகமாக இறங்கினேன் தெரியுமா?

மூன்றாம் நாள் ஏகாம்பரம் மின்னஞ்சல் அனுப்பினார். எழுபத்தைந்து வாங்கினீர்கள், பதினைந்துக்குத்தான் தபால்தலை இருக்கிறது, அதன் மேல் முத்திரையும் இல்லை, இது எப்படி?

முத்திரை! முப்பத்தொரு வருடம் முத்திரை இல்லாத ஒரு சீட்டைக்கூடக் கேட்டுக்கு வெளியே விட்டதில்லை நான். அதை மறந்திருக்கிறேன்.

அப்போதாவது ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பியிருக்கலாம். ஆனால் அந்தச் சுழியம்... கெட்ட குறி ஒன்று விழுந்துவிடுமே. எழுதினேன்: "நான் எழுபத்தைந்துக்கும் ஒட்டித்தான் அனுப்பினேன். மீதித் தபால்தலைகள் எங்கே போயின என்று உங்கள் தபால்காரரைக் கேளுங்கள்."

பத்து நாள் கழித்துத் தொலைபேசி.

"சார், மன்னிச்சுக்கோங்க. உங்க மேல சந்தேகப்பட்டுட்டேன். நீங்க சொன்னாப்பல அட்டைய எட்த்துகினு போஸ்ட் ஆபீஸ் போனேன். மணின்னு ஒரு பையன், பதில் ஆளு. முத்திர விழாம தப்பி வந்த ஸ்டாம்ப உரிச்சுக்கினான்னு சொல்றாங்க, அவன் நைனாவ வேற அனுப்பி டெலிவரி பண்ணிக்கிறான். பக்கத்து வூட்டம்மாவக் கூப்ட்டுக் கேட்டாங்க, அது நைனாவப் பாத்தேன்னு சொல்லிச்சு. அவன வேலைய வுட்டு நிறுத்திட்டாங்க சார். வேல நெரந்தரமாவற நேரமாம்."

"அவன் என்ன சொன்னான்?"

"எங்க நைனா செத்து ஏழு வருசமாவுதுன்னு அழுவுறான். அப்ப யார்றா அந்தக் கெழவன், யார அனுப்பிச்சேன்னு கேக்குறாங்க. முழிக்கிறான். எனுக்கே பேஜாராப் பூட்ச்சு சார். நான் ஸ்டாம்பதான் கேக்கப் போனேன். ஆனா வால்வு சூப்பரு. ரேடியோ பாடுது, கேளுங்க." தொலைபேசியை ரேடியோவின் பக்கம் திருப்பிப் பிடித்தார். நான் கேட்டேன்.

அன்று மாலையே அவர் போட்ட நல்ல குறி தளத்தில் ஏறியது. 'நேர்மையான மனிதர்.'

அந்தப் பயணத்துக்கு அன்றிரவு சரியாகக் கணக்குப் போட்டேன். பஸ் பதினான்கு, தபால்தலை பதினைந்து. தபாலில் போட்டிருந்தால் முப்பது. மிச்சம், ஒரு ரூபாய்.

அத்தோடு விற்பதை நிறுத்திவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. இன்னும் பதின்மூன்று பேருக்கு விற்றேன்.

ஆனாலும் மூன்றாவது வாரம் வியாசர்பாடிக்குப் போனேன். வெள்ளைச் சட்டையில். மணியிடம் சொல்லிவிட வேண்டும், அவனோடு தபால் நிலையத்துக்கு நடந்து, அந்தக் கிழவன் நான்தான் என்று சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனேன். ஒரு டீக்கடையில் மணியைக் கேட்டேன். "தோ, லாரிலேர்ந்து எறக்கறான் பாரு" என்று கை காட்டினார்கள்.

சிமெண்ட் மூட்டைகள். இருபத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. பழக்கமில்லாத முதுகு, ஒவ்வொரு மூட்டைக்கும் முழங்கால் உதறியது. நான் நின்று எண்ணினேன். வேண்டுமென்று எண்ணவில்லை, அது தானாக ஓடுகிறது. இருபத்திரண்டு மூட்டை. முடித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தபடி நேராக என்னிடம் வந்தான்.

"இன்னா நைனா, ரொம்ப நேரமா வெயில்ல நின்னுகினு கீற. யாரத் தேடுற?"

வாயைத் திறந்தேன்.

"பஸ்..." என்றேன்.

"அவ்ளோதானா? வா." சிமெண்ட் அப்பிய கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். நிறுத்தம் வரை நடத்திக் கூட்டிப்போனான். அந்த அடிகளை மட்டும் நான் எண்ணவில்லை. பஸ்ஸை மறித்து நிறுத்தி என்னை ஏற்றிவிட்டான். "கண்டக்டரே, நைனாவுக்கு ஒரு சீட்டு போட்டு உக்கார வையி" என்று கத்திவிட்டு லாரியைப் பார்த்து ஓடினான்.

பஸ் நகர்ந்தது. வெள்ளைச் சட்டையின் முழங்கையில் ஐந்து விரலும் சாம்பல் நிறத்தில் பதிந்திருந்தன.

கண்டக்டர் சீட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டார். "கையப் புட்ச்சு ஏத்தி வுடறானே. உம் புள்ளையா நைனா?"

நான் தலையாட்டினேன். மூன்றாவது முறை.