வால்வு ஆம்ப் விற்ற வைகாசி

பழைய இசைக்கருவி வியாபாரத்தில் ஒரு பொருளை வாங்குகிற அன்றைக்கு மட்டும்தான் நிம்மதி. மறுநாள் காலையிலிருந்து அது நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். மாடு வாங்கி விற்கிறவர்களுக்கும், பைக் வாங்கி விற்கிறவர்களுக்கும், மனையை வாங்கிப் போட்டுவிட்டுத் தார் ரோடு வருமா என்று காத்திருக்கிறவர்களுக்கும் இது தெரியும். நம் ஆட்களுக்குத்தான் புரியும் என்பதால் உங்களிடம் சொல்கிறேன்.

புதுக்கோட்டையில் எனக்குச் சின்னக் கடை. பழைய கீபோர்டு, கிட்டார், மைக் என்று வாங்கி விற்பேன். எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. வாசலுக்கும் கல்லாவுக்கும் நடந்தே பொழுதைக் கழிப்பேன். போன வைகாசியில் அந்த நடை கொஞ்சம் தூரம் கூடிவிட்டது.

கீபோர்டுக்கு வந்த பெட்டி

திருமயம் பக்கம் ஒரு பெரிய வீட்டிலிருந்து அண்ணாமலை என்பவர் போன் செய்தார். குடும்பம் பெங்களூரில். வீட்டைக் காலி செய்ய வந்திருந்தார். மாடியறையில் சாக்கு போர்த்தி வைத்திருந்ததைக் காட்டினார். கிட்டாருக்கான வால்வு ஆம்ப்ளிஃபயர். டிரான்சிஸ்டர் வருவதற்கு முன்னால் ரேடியோக்களில் பல்பு மாதிரி எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழாய்கள்தான் வால்வு. வயசுக் காலத்தில் சிங்கப்பூரில் கடை பார்த்தபோது வாங்கியதாம். மூன்று பேர் சேர்ந்து வாசித்தார்களாம்; அதில் ஒருத்தருக்குக் கல்யாணமானதும் குழு கலைந்துவிட்டதாம்.

பேத்திக்குக் கீபோர்டு வேண்டும் என்றார். கடையில் இருந்ததிலேயே நல்ல கீபோர்டைக் கொடுத்துவிட்டு ஆம்பைத் தூக்கி வந்தேன். இரண்டு பேர் பிடித்து ஏற்றினோம். அவர் ஆட்டோ வரைக்கும் வந்து, பெட்டியின் மேல் தோலைக் கையால் ஒருதரம் துடைத்துவிட்டுச் சொன்னார்: "சுவிட்சைப் போட்டா ஒடனே பேசாதுங்க. கொஞ்ச நேரம் சூடாகணும். அவசரக்காரனுக்கு மட்டும் குடுத்துராதீங்க."

என்னைவிட அவசரக்காரன் இந்த ஜில்லாவில் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

பார்க்க வந்தவர்கள்

முதல் வாரம் பார்க்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. வந்தவர்கள் எல்லாரும் முதலில் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். தூக்கியதும் கீழே வைத்தார்கள். கச்சேரிக் குழு வைத்திருக்கும் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "இதத் தூக்கிட்டுப் போயி வாசிக்கிறதுக்கு, பாட்டுக் கேக்குறவங்கள இங்கிட்டு வரச் சொல்லிரலாம்ணே."

அலங்காரத்துக்கு

அடுத்து வந்தவர் சித்தன்னவாசல் போகிற ரோட்டில் புதிதாகக் காபிக் கடை வைப்பவர். சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ள ஒரு மூலை அமைக்கிறாராம். பழைய தையல் மிஷின், பழைய டைப்ரைட்டர், பழைய சைக்கிள் எல்லாம் வாங்கியாயிற்று. ஆம்பைச் சுற்றி வந்து பார்த்தார். பிடித்துவிட்டது. விலைகூட அதிகம் பேசவில்லை.

நான் சந்தோஷத்தில் கிட்டாரைச் செருகி, வால்வு சிவக்கும் வரை பொறுத்து, ஒரு தட்டுத் தட்டினேன். கடைக் கண்ணாடி அதிர்ந்தது. அவர் முகம் சுருங்கியது. உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டால் கனம் குறையுமா, அந்த இடத்தில் மணிபிளாண்ட் தொட்டி வைக்கலாமா என்று கேட்டார். நானும் சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் ஏனோ யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவருக்குக் கோபம் இல்லை, ஆச்சரியம்தான். போகும்போது சொன்னார்: "சத்தமெல்லாம் எதுக்குங்க? பாக்கப் பழசா இருந்தாப் போதும்."

பத்து நிமிஷம் கழித்து

ஆம்பில் ஓர் இரைச்சல் இருந்தது. என் கடையின் மின்சார வேலைகளைப் பார்ப்பது ரெஜினா அக்கா. ஐ.டி.ஐ. படித்தவர். ஊரில் பாதி இன்வெர்ட்டர் அவர் கைபட்டுத்தான் ஓடுகிறது. சனிக்கிழமை வந்து பார்க்கிறேன், அதுவரை தொடாதே என்று போனில் சொன்னார். அன்று செவ்வாய். சனிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

சுவிட்சை அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். பாதுகாப்புக்காகப் பத்து நிமிஷம் வாசலில் நடந்தேன். பிறகு பின்பலகையைக் கழற்றிக் கையை உள்ளே விட்டேன். அடுத்த நொடி கிட்டார்கள் தொங்கும் சுவரில் முதுகு மோதிக் கிடந்தேன். தோள்பட்டை வரைக்கும் மரத்துவிட்டது. மூன்று கிட்டார்கள் ஒன்றாக முனகிக்கொண்டிருந்தன. நாக்கில் இரும்பு ருசி.

இன்னொரு கையால் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். நெஞ்சு படபடக்கிறதா, மூச்சு சரியாக இருக்கிறதா என்று முதலில் கேட்டார். டாக்டரிடம் போய்க் காட்டிவிட்டு வந்து மறுபடி கூப்பிடச் சொன்னார். டாக்டர் ஒன்றுமில்லை என்று அனுப்பிய பிறகுதான் திட்டவே ஆரம்பித்தார்: "வயரப் புடுங்கிட்டாக் கரண்டு போயிருமா தம்பி? அது கண்டன்சர்ல குத்த வச்சு ஒக்காந்திருக்கும், ஒன்ன மாதிரி ஆளு வரட்டும்னு."

தடைக்காலத்தில் ஒரு கிட்டார்

வெள்ளிக்கிழமை காலையில் ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஆரோக்கியதாஸ் வந்தார். விசைப்படகில் எஞ்சின் டிரைவர். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகெல்லாம் கரையில். கடலுக்குப் போகாத கால்கள் அவருக்கு. அவரும் என்னைப் போலவே நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஊர் மாதா கோயிலில் பாட்டுக் குழுவுக்குக் கிட்டார் வாசிப்பாராம்.

ஆம்ப் சுவிட்சைப் போட்டதும்தான் அடங்கினார். முழங்காலிட்டு உட்கார்ந்து, வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவப்பதைப் பார்த்தார். பிறகு வாசித்தார். எதிர்க் கடை ஜெராக்ஸ்காரர் மிஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார். நானும் அந்த அரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தேன். எனக்கே பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டுமா என்று கேட்டார். இரைச்சல் இருப்பதைச் சொன்னேன். ஷாக் அடித்ததைச் சொல்லவில்லை. பின்பலகையைக் கழற்ற வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். பழைய பொருளைக் குறை சொல்லி விற்கிறவனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருந்தால் அவனிடம் என்னை அனுப்புங்கள், பாடம் கேட்டுக்கொள்கிறேன். பெட்டியை மீன் வண்டியில் ஏற்றி, நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு ஆரோக்கியதாஸ் சொன்னார்: "பயப்படாதீங்கண்ணே, சூடாகாம எஞ்சினக் கெளப்புற ஆளு இல்ல நான்."

சனிக்கிழமை

மறுநாள் பதினோரு மணிக்கு ரெஜினா அக்கா பையோடு வந்தார். ஆம்ப் எங்கே என்றார். சொன்னேன். பையைக் கீழே வைக்காமலே கேட்டார்:

"பிளக்கு ரெண்டு பின்னா, மூணு பின்னா?"

"ரெண்டு."

"அதுல எர்த் கெடையாது. உள்ள பழைய கண்டன்சர் லீக் ஆனாக் கரண்டு பெட்டித் தகட்டுக்கு வரும். தகட்டுலேர்ந்து கிட்டார்க் கம்பிக்கு வரும். அந்தாளு கம்பியப் புடிச்சுக்கிட்டு மைக்குல வாய வச்சா என்னாகும்? கோயிலுக்குள்ள செருப்புக்கூடப் போட மாட்டாங்க."

போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. ஒரு மணிக்குப் பயிற்சி என்று ஆரோக்கியதாஸ் சொன்னது ஞாபகம் வந்தது. பைக் சாவியை எடுத்தேன். நீ போய் என்ன செய்வாய் என்று கேட்டுக்கொண்டே அக்காவும் பின்னால் ஏறிவிட்டார்.

அறந்தாங்கி வரை எப்படிப் போனேன் என்று தெரியாது. அங்கே ஒருமுறை நிறுத்திப் போன் போட்டோம். எடுக்கவில்லை. அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தைகள் இருக்கிறார்களா என்று ஒன்றும் நான் கேட்டிருக்கவில்லை. அதை ஏன் கேட்காமல் விட்டேன் என்று அந்த வெயிலில் அதையே நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியைத் தாண்டினால் கோயில். மறுநாள் பூசைக்காக அப்போதுதான் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரத்தில் வெறுங்காலோடு ஆரோக்கியதாஸ் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் கிட்டார், வாய்க்கு நேரே மைக். நான் ஓடிப்போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். பாட்டுச் சட்டென்று நிற்கவில்லை. அந்தப் பெட்டி மெல்ல மெல்ல இறங்கித்தான் அடங்கியது. பாட்டுக்குழுப் பெண்கள் என்னைக் குடிகாரன் என்று நினைத்துவிட்டார்கள். அக்காதான் நடந்ததைச் சொன்னார். முன்பே ஷாக் அடித்ததை நானே சொன்னேன். ஆரோக்கியதாஸ் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவர் கிட்டாரைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டு, உதட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: "காலைலேர்ந்து ரெண்டு தடவ சுருக்குன்னுச்சுண்ணே. பல்லுக் கோளாறுன்னு நெனச்சு டாக்டர்கிட்ட டோக்கன் போட்டு வச்சிருக்கேன்."

மூன்றாவது ஓட்டை

அக்கா அதோடு விடவில்லை. வந்தது வந்தோம் என்று கோயில் சுவரில் இருந்த பிளக் பாயிண்டையும் மீட்டர் வைத்துப் பார்த்தார். மூன்று ஓட்டை இருந்தது. மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. மைக் செட், ஃபேன், தண்ணீர் மோட்டார் எல்லாம் இத்தனை நாளும் எர்த் இல்லாமல்தான் ஓடியிருக்கின்றன.

தடைக்காலமாதலால் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆறு பேர் கடப்பாரையோடு வந்து கோயிலுக்குப் பின்னால் குழி தோண்டினார்கள். அக்கா மேலே நின்று இன்னும் ஆழம், இன்னும் ஆழம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எர்த் குழாயை இறக்கி ஒயரை இழுத்து முடிக்கையில் வெயில் தாழ்ந்துவிட்டது. கோயில் பிள்ளை, அதாவது மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், புதுப் பாயிண்டைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத்தன வருசமா அந்த மூணாவது ஓட்டை காத்துப் போறதுக்குன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தோம்."

மெட்ராஸ்காரர்

ஆம்பைத் திருப்பிக் கொண்டுவந்தோம். சரிசெய்து இரண்டு வாரத்தில் உங்களுக்கே தருகிறேன் என்று ஆரோக்கியதாஸிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அக்கா பழைய கண்டன்சர்களை மாற்றி, மூன்று பின் ஒயர் போட்டார். இரைச்சலும் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து ஒருவர் அழைத்தார். பழைய ஆம்ப்களைச் சேர்த்து வைப்பவர். நான் முதல் வாரம் நெட்டில் போட்டிருந்த படத்தைப் பார்த்திருக்கிறார். ஆரோக்கியதாஸ் பேசிய விலையைப் போல மூன்று மடங்கு சொன்னார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். "வாங்க சார்" என்றேன். அன்றிலிருந்து ஆரோக்கியதாஸின் எண் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்தேன். ரெஜினா அக்காவிடமும் சொல்லவில்லை. கடைக்குள் நடந்து நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

மெட்ராஸ்காரர் காரில் வந்து இறங்கினார். கிட்டாரைக் கேட்கவே இல்லை. டார்ச் அடித்துப் பின்பக்கம் பார்த்தார். ஒயரைப் பார்த்தார். எழுந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். பழைய ஒயர் எங்கே, பழைய கண்டன்சர் எங்கே என்று கேட்டார். அக்கா அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டார் என்றேன். அதில் ஒருத்தர் செத்திருப்பார் என்றும் சொன்னேன். அவர் வருத்தமாகத் தலையை ஆட்டினார்: "ஷாக் அடிச்சாலும் ஒரிஜினல் ஒரிஜினல்தாங்க. இப்ப இது வெறும் ஆம்ப்."

தடை முடிவதற்கு முன்

மறுநாள் நானே ஆரோக்கியதாஸைக் கூப்பிட்டேன். தடை முடிய நான்கு நாள் இருந்தது. முடிந்துவிட்டால் அவர் கடலில். போனவர்கள் கரை திரும்புகிற வரைக்கும் அந்த ஊரில் யாருக்கும் வேறு நினைப்பு இருக்காது. அதே மீன் வண்டியில் வந்தார். வாசித்துப் பார்த்தார். இந்த முறை முதலில் மைக்கைப் பிடித்து உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. மெட்ராஸ்காரரிடம் சரி என்று சொன்னதையும், போனை எடுக்காமல் இருந்ததையும், அவர் ஒதுக்கிவிட்டுப் போனதால்தான் கூப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட்டேன். ஆரோக்கியதாஸ் கிட்டாரின் காதைத் திருகிச் சுருதி சேர்த்துக்கொண்டே கேட்டார். அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்: "எக்ஸ்போர்ட்டுக்காரன் வேணாம்னு ஒதுக்குற மீனுதாண்ணே எங்க வீட்டுக் கொழம்புக்கு வரும். அதுல ருசி ஒண்ணும் கொறைஞ்சிறாது. ஆனா அடுத்த தடவ போன எடுத்துருங்க."

நல்ல கை பார்த்துத்தான் பொருளைக் கொடுத்தேன் என்று எந்த வியாபாரி சொன்னாலும் தாராளமாக நம்புங்கள், அதற்கு முந்தின கை ஏன் வேண்டாமென்றது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.