மலைக் குடிலில் அறுபத்தெட்டு

மொன்றியலிலிருந்து தோழி துஷாவுடன் ஈக்குவடோர் நாட்டு எரிமலை ஒன்றைப் பார்க்கப் போனேன். மென்பொருள் பொறியாளரான நான் மாத்திரை, கையுறை, தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டிருந்தேன். மலைக் குடிலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை விரலில் மாட்டினால், அறுபத்தெட்டு! தலைவலி இல்லை, மூச்சும் சீராகவே இருந்தது. ஆனால் எழுபதுக்குக் கீழே என்றால் திருப்பி அனுப்புவது வழிகாட்டியின் விதி. அவர் என் பையைக் கையில் எடுத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

"கையைக் காட்டடி," என்றாள் துஷா. "லாசாலில நடந்த கலியாணத்துக்குச் சேலைக்குப் பொருத்தமாப் பூசின கருநீலம் இன்னும் நகத்தில கிடக்கு! கருவியின்ரை வெளிச்சம் எப்பிடிப் போகும், எஞ்சினியர் அம்மா?"

சாவியால் பூச்சைச் சுரண்டிவிட்டு அளந்தோம், எண்பத்தாறு. வழிகாட்டியும் சிரித்துவிட்டார். பனியைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கினோம்.

மலைப் பயணம் வருகிறதென்றால், இப்போதெல்லாம் கலியாணத்துக்கு ஒன்பது நகங்களில்தான் பூசுகிறேன்.