எலக்காசு

காசு கைக்கு வந்ததும் மங்கம்மாள் கண்ணை மூடி அதைக் கன்னத்தில் ஒட்டிக்கொள்வாள். கொடுத்தவர் காத்திருக்க வேண்டியதுதான். மலைமேல் ஜமுனாமரத்தூர் சந்தை முழுக்கக் கூச்சலாக இருக்கும், இவள் விரித்த சாக்கைச் சுற்றி மட்டும் பேச்சுமூச்சு இருக்காது. பிறகு காசை முகர்ந்து பார்த்து, "இது பொம்பளப் புள்ள இடுப்புல கெடந்தது. நடக்கறதுக்கு முன்னாடியே போய்ட்டா, பாவம்" என்பாள். காசைக் கொண்டுவந்தவர் முகம் வெளுத்துவிடும். இதுவரை அவள் சொன்னது தப்பியதில்லை.

ஓட்டைச் சொம்பு, ஒடுங்கிய அண்டா, பழைய காலணா எல்லாம் வாங்குகிறவள்தான். ஆனால் மலையில் அவள் பேர் எலக்காசு மங்கம்மாள். யுத்தகாலத்தில் பட்டாளத்துக்குப் போன அவள் அப்பா, இத்தாலியில் கனடா நாட்டுச் சிப்பாய்களோடு சீட்டாடி ஜெயித்த செம்புக்காசுகளை ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் இரண்டு இலை, அதனால் எலக்காசு. அந்த மரத்தை இங்கே யார் கண்டது? ஆமணக்கு இலை என்று முடிவுகட்டி, ராஜா விளக்கெண்ணெய் வியாபாரியாக இருப்பான் என்று சிரித்தார்கள். செல்லாக் காசுதான். ஆனாலும் செம்பு இருந்தால் காத்து கருப்பு அண்டாது என்று ஓட்டை போட்டு, உறவுக்காரக் குழந்தைகளின் இடுப்பிலெல்லாம் கட்டிவிட்டார்கள்.

அந்தச் செல்லாக் காசுக்கு விலை இருக்கிறது என்று சொன்னவர் திருப்பத்தூர் பாத்திரக்கடை ராஜேந்திரன். அவருக்கு மெட்ராஸில் வெளிநாட்டுக் காசு சேர்க்கிற ஒரு வாடிக்கைக்காரர் உண்டு. மங்கம்மாளுக்கு எழுத்துத் தெரியாது, வருஷத்தை உருவத்தால் பிடிப்பாள். கடைசியில் இரண்டு பாம்பு படமெடுத்து நின்றால் அது இருபத்திரண்டு, நல்ல விலை. பாம்புக்குப் பக்கத்தில் கொக்கி இருந்தால் இருபத்தைந்து, அதுவும் லேசில் கிடைக்காது. ஓட்டை விழுந்தால் விலையும் விழும். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவருகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இன்னா வேல பண்ணிக்கீறே? காசோட தோல உரிச்சிட்டியே!" புளி விளைகிற மலையில் இதை எத்தனை பேருக்குச் சொல்லி மாளும்?

விலையெல்லாம் ராஜேந்திரன் கவலை. மங்கம்மாள் தேடுவது ஒரே ஒரு காசை. அது அவள் தம்பி சுப்பிரமணியின் காசு. அவன் கைக்குழந்தையாக இருந்தபோது இவளே ஆணி வைத்து அடித்து ஓட்டை போட்டாள். முதல் அடி வழுக்கி ராஜாவின் கன்னத்தில் குழி விழுந்தது. அடுத்த அடியில்தான் நெற்றியில் ஓட்டை. ஆளான பிறகும் அரைஞாணிலிருந்து அதைக் கழற்றாதவன், பத்துப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் சந்தன மரம் வெட்டுகிற கும்பலோடு காட்டுக்குள் போனான். கும்பல் திரும்பியது, அவன் திரும்பவில்லை. கூடப் போனவர்கள் வாயைத் திறக்கவும் இல்லை.

பெங்களூர் ஓட்டலில் பார்த்ததாக எவனோ சொன்னதை மங்கம்மாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். திதி கொடுக்கச் சொன்ன பங்காளிகளை வாசலோடு விரட்டினாள். "எந்தம்பி காசு எவன் கைக்கும் வர்ல. அப்ப அவன் இடுப்புலதான கீது? ஆளு இல்லாமயா இடுப்பு கீது?" ஊர் வாயை மூட உலைமூடி ஏது, பைத்தியம் என்றார்கள். ஒவ்வொரு காசாக எடுத்துத் தேடுவாள், கிடைத்துவிடக் கூடாதே என்றுதான் தேடுவாள். வேறு காசு என்று தெரிந்ததும் அவள் முகத்தில் நிம்மதி வரும்.

போன தை மாதத்துச் சந்தையில், ஓடைக்கு அந்தப் பக்கத்து விவசாயி சக்கரவர்த்தி ஒரு கந்தல் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு எலக்காசு. கறுத்து, களிம்பேறி, புளியைக் காணாத காசு. சேர்ந்த காசை வாங்கிப்போக வந்திருந்த ராஜேந்திரன் எழுந்தே நின்றுவிட்டார்.

"எங்க கெடச்சிது?" என்றாள் மங்கம்மாள்.

"காட்டுல கெழங்கு தோண்டறப்ப கையில மாட்டுச்சிங்க" என்றார் சக்கரவர்த்தி. குரல் தணிந்தது. "அங்க சுத்திலும் ஒரு சந்தன மரம் கெடையாது. ஆனா மண்ணக் கிளறுனா சந்தன வாசன வர்துங்க. எம் பொண்டாட்டி பயந்துட்டா. வூட்டுல வெக்காதே, போய்ட்டு யார்னா கையில குட்த்துட்டு வான்னா."

மங்கம்மாள் காசைக் கன்னத்தில் வைத்தாள். எந்தக் காசும் கொஞ்ச நேரத்தில் சூடேறிவிடும். இது ஏறவில்லை, அவள் கன்னம்தான் சில்லிட்டது. மூக்கருகே கொண்டுபோனாள். பக்கத்திலிருந்த ராஜேந்திரனுக்கும் அந்த வாசனை வந்தது.

அவள் இலைப் பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள். களிம்பு உதிர்ந்தது.

"ரெண்டு பாம்பு!" என்றார் ராஜேந்திரன். "ஓட்ட கீது, போவட்டும். ராஜா மூஞ்சி எப்டி கீது பாப்போம், திருப்பும்மா."

அவள் திருப்பவில்லை. அடியில் விரல் மட்டும் நகர்ந்து, ராஜாவின் கன்னத்தில் வந்து நின்றது. அங்கிருந்த குழியில் பதிந்தது.

"என்னங்கம்மா, வெல போவுமா?" என்றார் சக்கரவர்த்தி.

மங்கம்மாள் சாக்கை ஒதுக்கினாள். காசைத் தரையில், முகம் வானத்தைப் பார்க்க மல்லாக்கக் கிடத்தினாள். பக்கத்திலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அதன்மேல் போட்டாள்.