மூன்று தடவை அடித்த வெள்ளை

மலைமேல் இருக்கும் எங்கள் வளப்பூர் நாட்டில், என் வீட்டு முன்சுவரில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். உயிரோடு இருந்தபோது ஒரு நாள் அவளைச் சுவரோடு சாய்ந்து நிற்கச் சொல்லி, உடம்பைச் சுற்றிக் கரிக்கட்டியால் கோடு இழுத்தேன். "கூச்சமா இருக்குதுங்க, சீக்கிரம் முடிங்க" என்று சிரித்தாள். பிறகு கோட்டுக்குள் வர்ணம் கொடுத்தேன். அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. வெளியே போய்த் திரும்பினால் வாசலில் நிற்க ஓர் ஆள் இருந்தது. முந்தின பொங்கலுக்குக்கூட அவளை விட்டுச் சுற்றி மட்டும்தான் வெள்ளையடித்தேன்.

நான் தெருச்சுவரில் படம் போடுகிறவன். சேலம், நாமக்கல் பக்கம் பாலத்துத் தூணோ பள்ளிக்கூட மதிலோ, எங்கே இடம் கொடுத்தாலும் போடுவேன். தேர்தல் வந்தால் அதன் மேலேயே சின்னம் வரைந்துவிடுவார்கள். யாராவது வருத்தப்பட்டால், "சுவர்ப் படம் அழியத்தானுங்க போடறது" என்பேன். கொஞ்சம் வாய்க்கொழுப்பு எனக்கு.

மார்கழியில் சென்னையில் தெரு ஓவியர்களுக்கென்று ஒரு கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். சுவரைப் பெயர்த்துக்கொண்டா போக முடியும்? வாசலில் கேன்வாஸை நிறுத்தி, சுவரைப் பார்த்துப் பார்த்து அவளை மறுபடி வரைந்தேன். கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். மரவள்ளிக் காட்டில் என் மனைவியோடு சேர்ந்து களை வெட்டியவர்.

"என்னங்க தம்பி சுருட்டி வச்சிருக்கீங்க?"

"படம் சென்னைக்குப் போகுதுங்கக்கா. இனி அவ அங்கதான்" என்றேன் பெருமையாக.

கூடத்தில் ஏசி குளிர். வந்தவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாகப் பேசினார்கள். தெருவில் என்றால் டீ கிளாஸோடு யாராவது வந்து, "மூக்கு கோணலா இருக்குதுங்க" என்பார்கள். அங்கே ஒருவரும் குறை சொல்லவில்லை. என்னிடம் யாரும் பேசவும் இல்லை. மூன்றாம் நாள் அவள் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டினார்கள். விற்றுவிட்டதாம். வாங்கியது யார் என்றுகூட நான் கேட்கவில்லை. ஊரில் சுவர் இருக்கிறதே என்ற தைரியம்.

பொங்கலுக்கு மறுநாள்தான் மலையேற முடிந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்து வீட்டைப் பார்த்தேன். சுவர் வெள்ளைவெளேர் என்றிருந்தது. அடியில் காவிப் பட்டை, வாசலில் கோலம்.

அக்கா ஓடி வந்தார். "இப்பத்தான் வாரீங்களா தம்பி? பொங்கலுக்கு வெள்ளையடிக்காத ஊடு நம்மூர்ல உண்டுங்களா? அதான் நானே அடிச்சுட்டேன். ரெண்டு தடவ அடிச்சும் பச்சச் சேலை தெரிஞ்சுது. மூணாந் தடவையும் அடிச்சேன்."

நான் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தேன். அவர் முகம் மாறியது.

"அவ அங்க போயிட்டான்னு நீங்கதானுங்க சொன்னீங்க. ஆளு போனப்புறம் இங்க நெழலு எதுக்கு, பாத்துப் பாத்து அழுவீங்களேன்னு... தப்புங்களா?"

சுண்ணாம்பில் அவர் விரல்கள் வெந்திருந்தன. நுணலும் தன் வாயால் கெடும், நானும் அப்படித்தான். கோபம் கோபமாக வந்தது. அவர் மேல் கோபப்பட முடியவில்லை.

"தப்பில்லீங்கக்கா. சுவர்ப் படம் அழியத்தானுங்க போடறது."

"அங்க அவளுக்கு நல்ல எடமா குடுத்திருக்காங்களா?"

"குடுத்திருக்காங்க" என்றேன். எந்த ஊரில், யார் வீட்டில் இருக்கிறாள் என்று எனக்கே தெரியாது.

அக்கா நிம்மதியாகப் போனார். செல்போனில் அவள் முகம் இருக்கிறது, கட்டைவிரல் அளவுக்கு. மறுபடி வரையவும் என்னால் முடியும். ஆனால் அந்தக் கரிக்கோடு அவள் உடம்பைத் தொட்டு வந்த கோடு. அதற்கு அவள் வந்து நிற்க வேண்டும்.

அவள் நின்ற இடத்தில் நானே கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றேன். உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றினால் முதுகெல்லாம் சுண்ணாம்பு. தட்டிவிட ஆள் இல்லை.